கண்டல் காட்டோரம் ஒரு கொட்டாய்

முதலில் இந்த அழைப்பிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஸ் தாள். வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரியும், அவ்வளவு மெல்லிசு. ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டவில்லை; ஸ்கேல் வைத்துக் கிழித்திருக்கிறார்கள். அதனால் விளிம்பெங்கும் பஞ்சு பறக்கிறது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, பின்னால் ஓடிவரும் பிள்ளைகள்மேல் வீசிப்போவார்களே சினிமா நோட்டீஸ், அதே தாள், அதே மங்கிய கறுப்பு மை. நடுவில் கொட்டை எழுத்தில் ‘இதயக்கனி’. அதன்கீழ், ‘தினசரி 2 காட்சிகள்’ என்று வரவேண்டிய இடத்தில், ‘ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காட்சி’. கடைசி வரியில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று, அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களின் வழக்கப்படி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்கிறது. பதினாறு வயசுப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் ஒரு வரி தட்டிவிட்டிருந்தால் போதும், வந்துவிடுவார்கள். ஆனால் இந்தச் சீட்டைச் சைக்கிளில் போய் வீட்டு வாசலில் வீசியிருக்கிறாள் என் அக்கா மகள். விருந்தின் முதல் அழகு அந்த வீசலில் இருக்கிறது. கையில் கொடுத்தால் அது அழைப்பு. வீசினால் அது சினிமா.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை அது. கிள்ளையில் அக்கா வீட்டுக் கொல்லை. மகளின் தோழர்கள் சிதம்பரத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் பாதிக்குமேல். “படம் போட்டுக் காட்டணும்மா” என்று மகள் கேட்டதற்கு, “வெறுமனே படம் பாக்குறதுக்கு ஆளுக்கு ஒரு போன் இருக்கே, கொட்டாய் போடுவோம்” என்றாளாம் அக்கா. டூரிங் டாக்கீஸ் காலத்தையே ஒரு ராத்திரிக்கு மீட்டு வருவதுதான் விருந்தின் பொருள். வெளிநாடுகளில் இளையோர் விருந்துகளுக்கு ஒரு படத்தின் உடை, நிறம், தீனி என்று பொருள் குறித்துக்கொண்டு கொண்டாடுவார்கள். இங்கே பொருளாக வந்து அமர்ந்தது ஒரு படம் மட்டுமல்ல, படம் பார்க்கும் ஒரு முறையும்தான். அந்த நுட்பத்தை நினைக்க நினைக்க எனக்கு அக்காமேல் மரியாதை கூடுகிறது.

படத் தேர்வைக் கவனியுங்கள். ‘இதயக்கனி’ 1975இல் வந்தது. ஏ. ஜெகந்நாதன் இயக்கம், சத்யா மூவிஸ் தயாரிப்பு, மெல்லிசை மன்னர் இசை. எம்.ஜி.ஆரை அண்ணா அன்போடு சொன்ன சொல்லே படத்தின் பெயர். இதெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கான காரணம் வேறு: படத்தின் ஒரு பகுதி அவர்கள் ஊரில், பிச்சாவரத்துக் கண்டல் காட்டு வாய்க்கால்களில் எடுக்கப்பட்டது. தாத்தா பாட்டிக்குப் பிடித்த நடிகரின் பழைய படம் என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். தங்கள் வாய்க்கால் அதில் நடித்திருக்கிறது என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். அரிய உலகப் படம் எதையும் தேடிப் போகாமல், வாசலுக்கு வெளியே ஓடும் தண்ணீரைத் திரையில் கொண்டுவந்து காட்டிய தேர்வு இது. இதைவிடப் பொருத்தமான படத்தை அந்தக் கொல்லைக்கு என்னால் நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் படகு. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துறையிலிருந்து துடுப்புப் படகுகளில் பிள்ளைகளை ஏற்றிவிட்டாள். மோட்டார் படகு வேண்டாம் என்று அக்கா சொன்னதில் ஒரு நயம் உண்டு. மோட்டார் படகு அகன்ற நீரில் விரைந்து போய்த் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் மரங்கள் இருபுறமும் சாய்ந்து தலைக்குமேல் கைகோத்துக்கொண்ட குறுகிய வாய்க்காலுக்குள் நுழையும். உள்ளே போனதும் குரல் தானாகத் தாழ்கிறது. நீரின் நிறம் தேநீருக்கும் ஆலிவ் பச்சைக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. சுரபுன்னையின் வேர்கள் தண்டிலிருந்து வளைந்து வளைந்து நீருக்குள் இறங்கி மரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. வெண்கண்டலோ தன் மூச்சு வேர்களைச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டுகிறது. ஒன்று மேலிருந்து கீழே வருகிறது, மற்றது கீழிருந்து மேலே போகிறது. உப்புச் சேற்றில் வாழ்வதற்கு இரண்டு மரங்கள் கண்டுபிடித்த இரண்டு விடைகள். தில்லை மரமும் இந்தக் காட்டில் உண்டு. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே மறைத்துவிடும். படகோட்டிகள் கிளையை ஒதுக்கும் விதத்திலேயே அந்தப் பயபக்தி தெரியும். “எம்ஜியார் சூட்டிங் எடுத்த எடம் இதாம்ப்பா” என்று எங்கள் படகோட்டி துடுப்பால் காட்டினார். அடுத்த படகுக்காரர் வேறொரு திருப்பத்தைக் காட்டி அதையே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. இருக்கட்டும், ஆளுக்கொரு எம்.ஜி.ஆர். வளைவு இருப்பதும் அழகுதான்.

இப்போது கொல்லைக்கு வாருங்கள். ஒரு தென்னைக்கும் ஒரு வேம்புக்கும் நடுவில் திரை. இரண்டு எட்டு முழ வேட்டிகளைக் கரை நீக்கி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தையல் திரையின் நட்டநடுவே வராமல் கீழ்ப்பக்கம் ஒதுங்கும்படி ஒரு வேட்டியை மடித்துக் குறைத்திருக்கும் கைத்திறனைப் பாருங்கள். நடிகர் முகத்தில் கோடு விழக்கூடாது என்று தைத்தவர் யோசித்திருக்கிறார். கடற்கரை ஊரில் திரைக்குப் பகை காற்று. சாயங்காலக் கடற்காற்று எழுந்தால் வேட்டி பாயாக விம்மும், முகங்கள் உப்பும். அதற்கு உள்ளூர்ப் பிள்ளைகள் கண்ட வழி என்னை மயக்கிவிட்டது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயத்துண்டுகளை எடுத்துவந்து, திரையின் அடிமடிப்புக்குள் வரிசையாகக் கோத்துவிட்டார்கள். தண்ணீரில் வலையை நிமிர்த்தி நிறுத்துகிற அதே கனம் காற்றில் திரையை நிமிர்த்தி நிறுத்தியது. காற்று வரும்போது அடிப்பகுதி மெல்ல ஒரு முறை அசைந்து அடங்கும், அவ்வளவுதான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. வலை உலர்த்தும் வீட்டில் பிறந்த பிள்ளையின் கைக்குத் தானாக வந்த யோசனை.

தரைக்கு மணல். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கி, சலித்து, திரைக்கு முன்னால் பரப்பியிருந்தார்கள். மறுநாள் அள்ளிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கொட்டாய் மணலின் சுகம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்: ஆளுக்கு ஒரு மேடு குவித்துக்கொண்டு உட்காரலாம், பின்னால் இருப்பவர் சண்டைக்கு வந்தால் கலைத்துவிட்டு மறுபடி குவிக்கலாம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று நிறத்தில் டிக்கெட்டு. இங்கேதான் அக்கா ஒரு மெல்லிய திருத்தம் செய்தாள். பழைய கொட்டாயில் காசுதான் இடத்தைத் தீர்மானித்தது. இவள் டிக்கெட்டுகளை ஒரு மண்குடத்தில் போட்டுக் கையை விட்டு எடுக்கச் சொன்னாள். இடைவேளைதோறும் மறுபடி எடுக்க வேண்டும். காரில் வந்து இறங்கிய பிள்ளை தரைக்குப் போனாள், படகோட்டி வீட்டுப் பையன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டான். ஆனால் இரண்டாம் இடைவேளைக்குள் எல்லாரும் மணலுக்கே இறங்கிவிட்டார்கள். நாற்காலிகள் தெருவிலிருந்து எட்டிப்பார்க்க வந்த பாட்டிமார்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பழங்காலத்தை மீட்டெடுக்கும்போது அதன் மேடு பள்ளத்தை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே அழைத்துவந்த பக்குவம் இது.

வளர்ந்தும் வளராத அந்த வயசுக்கு விருந்து வைப்பது கடினம். குழந்தைகளை மகிழ்விக்கலாம், பெரியவர்களை உபசரிக்கலாம். இவர்களை இரண்டும் செய்ய முடியாது. மகிழ்வித்தால் கூசுவார்கள், உபசரித்தால் நெளிவார்கள். வேலை கொடுத்தால் மட்டும் மலர்வார்கள். அக்கா அதை நன்கு அறிந்தவள். டிக்கெட்டுக் கிழிக்க ஒருவர், சோடா விற்க இருவர், ஒலிபெருக்கியில் அறிவிக்க ஒருத்தி, டார்ச் அடித்து இடம் காட்ட ஒருவன். டார்ச் போன கை அந்தக் கூட்டத்திலேயே வாய் திறவாத பையனுடையது. பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பவன். அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார், ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கொட்டாய் ஒன்றில் ஆபரேட்டராக இருந்த பெரியவர். “வெளிச்சம் காலுல விழணும் தம்பி, மொகத்துல விழப்படாது.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை நாகரிகம் அடங்கியிருக்கிறது! இருட்டில் வருகிறவருக்கு வழி தெரிய வேண்டும், அவர் யார், யாரோடு வந்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பையன் அன்று இரவு முழுக்க அந்த ஒளிவட்டத்தை வந்தவர்களின் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நகர்த்திக்கொண்டு போனான். ஒருமுறைகூட ஒரு முகத்திலும் அது ஏறவில்லை. தாமதமாக வந்த ஒரு பாட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேசத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உத்தியோகம் உண்டா?

பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாப்பாட்டு டப்பா அளவே உள்ள புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அவரை அமர்த்தியிருந்தார்கள். அதை இயக்க அவர் தேவையில்லை; பொத்தானை அழுத்தியது அக்கா மகள். ஆனால் அவர் அங்கே இருப்பது ஒரு அலங்காரமாகவும் இல்லை. இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் நிறுத்தி, அவற்றின் நடுவே மின்சுடரை எரியவிட்டு, குச்சி கரையக் கரைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருந்த பழைய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஆயிரம் அடிச் சுருள் திரையில் ஓடுவது ஏறத்தாழ பதினோரு நிமிஷம். நொடிக்கு 24 படங்கள். பிறகு, “திரையோட வலது மூலையில மேலாப்ல பாருங்க” என்றார். பழைய பிரதியிலிருந்து எடுத்த படம் என்பதால் அந்தச் சின்னஞ்சிறு புள்ளி இன்னும் அழியாமல் இருந்தது. சுருள் தீரப்போகிறது என்று ஆபரேட்டருக்கு மட்டும் சொல்லும் குறிப்பு அது. முதல் புள்ளி மின்னி ஏழெட்டு நொடியில் சுருள் முடியும். எண்ணற்ற பேர் எண்ணற்ற முறை பார்த்த திரையில், ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்ட கடிதம்! அதைக் காட்டிக்கொடுத்த பிறகு பிள்ளைகளில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுப் புள்ளி வேட்டையில் இறங்கிவிட்டார்கள். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு தனி ஆட்டமே நடந்தது. கதாநாயகன் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது “புள்ளி! புள்ளி!” என்று ஒரு கூச்சல்.

நான் மிகவும் மயங்கி நின்றது இடைவேளைகளில்தான். டூரிங் கொட்டாயில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர். சுருள் மாற்ற வேண்டுமென்றால் படம் நின்றாக வேண்டும். அதனால் மூன்று இடைவேளை. அன்று அது வசதிக்குறைவு. நகரத்துத் தியேட்டர்க்காரர்கள் அதைச் சொல்லியே நகைப்பார்கள். இன்று அக்கா வீட்டுக் கருவிக்கு நிற்கவேண்டிய அவசியம் எதுவுமில்லை, விடியும்வரை ஓடும். ஆனாலும் அக்கா மகள் மூன்று முறை நிறுத்தினாள். அவள் நிறுத்திய இடங்களைப் பாருங்கள்: பெரியவர் கையைத் தூக்கும்போது மட்டும். அவருக்குப் பழக்கமான, சுருள் தீர்ந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில்கூட, படம் நின்றது. கதை கேட்டு நிறுத்தவில்லை, கை நிறுத்தியது. அந்த ஒழுங்கின்மையில் ஒரு தனிச்சுவை. வாயைப் பாதி திறந்தபடி கதாநாயகி உறைந்து நிற்க, விளக்கு எரிந்தது, கூட்டம் ஒரே குரலில் “ஏ…ய்!” என்றது, மறுகணம் சிரித்தது.

முதல் இடைவேளை கோலி சோடாவுக்கு. பச்சைக் கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் கோலிக்குண்டு. கட்டைவிரலால் அழுத்தும்போது ஒரு தயக்கம், பிறகு ‘டொப்’. அந்த ஓசைக்கு ஒருவரும் பழகவில்லை, ஒவ்வொரு முறையும் சிலர் துள்ளினார்கள். குண்டைப் பாட்டிலின் பள்ளத்தில் ஒதுக்கிவைத்துக் குடிக்கும் வித்தை தெரியாத சிதம்பரத்துப் பிள்ளைக்குப் பரங்கிப்பேட்டைப் பிள்ளை சாய்த்துக் காட்டிக் கற்றுக்கொடுத்தது. காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை, தட்டில் தேங்காய்ச் சுண்டல், கமர்கட்டு, தேன்மிட்டாய். பொட்டலம் மடித்த காகிதங்கள் பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டுகள். ஒருவன் தன் கடலையைத் தின்றுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த தேற்றத்தில் பிழை கண்டுபிடித்தான். அவனுடைய நோட்டுத்தான் அது.

இரண்டாம் இடைவேளையில் அக்கா பேச வைத்தாள். பாடம் நடத்தவில்லை. பள்ளி ஆசிரியை என்பதால் அவளுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள் அல்லவா? ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை மாதம் ஒரு படம். ஆசிரியர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், படத்துக்கு முன்னால் சின்ன அறிமுகம், முடிந்த பிறகு பிள்ளைகளே எழுந்து பேச வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் காட்டிய ‘தி ரெட் பலூன்’ 1956இல் ஆல்பர்ட் லமோரிஸ் எடுத்த 34 நிமிஷப் படம். பாரீஸ் தெருக்களில் ஒரு பையனும் ஒரு சிவப்புப் பலூனும். பையன் இயக்குநரின் சொந்த மகன். பேச்சு அநேகமாக இல்லாத அந்தப் படம் திரைக்கதைக்காக ஆஸ்கார் வாங்கியது என்பது எனக்கு எப்போதும் இனிக்கும் செய்தி. ‘பலூன் ஏன் அவன் பின்னாலயே போகுது?’ என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பாள் அக்கா. கொல்லையிலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல யாரா இருக்க உங்களுக்குப் புடிக்கும்?” எம்.ஜி.ஆர். என்று ஒரு கை, வில்லன் என்று நாலு கை, “கேமராமேன் அத்தை” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாட்டுகளில் சிலவற்றைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள்தான். ஐம்பத்தெட்டு வயசு நாயகன் ஆடுவதைக் கண்டு சிரித்தார்கள்தான். நாற்காலியிலிருந்த பாட்டி ஒருவர் மட்டும் முகம் சிவந்து, “அவர் நடந்தா போதும்டா, ஆட வேணாம்” என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா இரண்டு பக்கத்தையும் தடுக்கவில்லை.

மூன்றாம் இடைவேளையில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு முடிவு எழுதிக் குடத்தில் போடச் சொன்னார்கள். விளக்கின்கீழ் குனிந்து எழுதும் அந்தப் பின்கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியைத் தொடாத அரை மணி நேரம் எப்போது தொடங்கியதென்று அவர்களுக்கே தெரியாது. யாரும் தடை விதிக்கவுமில்லை. இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு திரையில் காடு வந்தது.

முதலில் நீர். பிறகு நீரில் கவிழ்ந்த பச்சை. ஐம்பது ஆண்டுப் பழைய வண்ணப்பிரதியில் பச்சை சற்று மங்கிப் பழுப்பேறியிருந்தது. விந்தை என்னவென்றால், அந்த மங்கல் கண்டல் காட்டுக்குப் பொருந்திவிட்டது; சாயங்காலம் நாங்கள் படகில் கண்ட நிறத்துக்கு அது இன்னும் நெருங்கியிருந்தது. ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு படகோட்டி மகன் மணலிலிருந்து எழுந்து, “டேய், நம்ம வாய்க்காடா!” என்றான். கொல்லை முழுதும் எழுந்து நின்றது. நாயகனை யாரும் பார்க்கவில்லை. துரத்துவது யார், தப்புவது யார் என்பதும் யாருக்கும் பொருட்டில்லை. நாயகனுக்குப் பின்னால் நிழலாக நின்றிருந்த மரங்களைப் பார்த்தார்கள். “அது சுரபுன்னை, வேரப் பாரு.” “இப்ப தண்ணி ஏத்தம், வத்தத்துல இவ்ளோ தெரியாது.” ஏற்றத்தையும் வற்றத்தையும் ஒரு பழைய சினிமாக் காட்சியில் படித்துச் சொல்லத் தெரிந்த பார்வையாளர்கள் வேறு எந்தத் தியேட்டருக்குக் கிடைப்பார்கள்! இறாலைக் கையால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறியில் போடும் மனிதர்களின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். எந்த வேரடியில் இறால் ஒதுங்கும் என்று திரையைக் காட்டிச் சொன்னார்கள். படம் எடுத்தவர்கள் அழகான பின்னணி என்று நினைத்த இடம் இவர்களுக்கு வேலைத்தலம். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் திரையைவிட இவர்கள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

நாற்காலிப் பாட்டிமார் வரிசையில் அப்போது ஒரு பெயர் எழுந்தது: எம்.ஜி.ஆர். திட்டு. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த மீனவக் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 அலை அதைக் கடுமையாகத் தாக்கியது. கண்டல் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளை மரங்கள் காத்தன. முன்னால் திறந்து கிடந்த திட்டைக் காக்க எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த மரங்களை அவர்கள் பார்த்த பார்வை அந்தப் பேச்சுக்குப் பிறகு சற்று மாறியதாக எனக்குப் பட்டது. அக்கா எதுவும் விளக்கவில்லை. இந்தக் காடு 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது என்பதைப் பள்ளியில் அவர்கள் படித்திருப்பார்கள். பாட்டி சொன்னதுபோல் அது உள்ளே இறங்கியிருக்காது.

படம் முடிந்ததும் குடத்துச் சீட்டுகளை வாசித்தார்கள். ஒன்றில் வில்லன் திருந்திப் படகுத்துறையில் டிக்கெட்டுக் கொடுக்கிறான். ஒன்றில் எல்லாரும் தில்லைப் பால் பட்டுக் கண் தெரியாமல் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். இதை எழுதியது டார்ச் பையன் என்று கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். முதன்முறையாக அவன் சத்தமாகச் சிரித்தான்.

பசி வந்த நேரம் அது. இட்லியும் கொத்சும். சிதம்பரம் கொத்சு என்றால் கத்திரிக்காய்தான், வேறு பேச்சில்லை. காயை எண்ணெயில் பதமாக வதக்கி, புளி விட்டு, வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் தூவி, சுருண்டு வரும்வரை அடுப்பில் விடுவாள் அக்கா. வெந்தும் உருக்குலையாத காய், நாக்கில் வைத்ததும் கரைந்துபோவது. புளிப்பு முதலில், மல்லி வாசனை பின்னால், காரம் கடைசியில் தொண்டையில். தீனி மூன்று இடைவேளைகளிலும் பழைய கொட்டாயிலிருந்து வந்தது; சாப்பாடு மட்டும் ஊரிலிருந்து வந்தது. இறால் வடையும் இருந்தது. அது வந்த வேகத்தில் போய்விட்டதால் அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை.

கை கழுவிய பிறகும் யாரும் கிளம்பவில்லை. “இன்னொன்னு அத்தை” என்று கெஞ்சல். மிஷ்கின் இயக்கி 2017இல் வந்த ‘துப்பறிவாளன்’ படத்தின் இறுதிக்கட்டம் மட்டும் போடப்பட்டது. அதுவும் பிச்சாவரத்தில் எடுத்ததே. முன்னதில் காடு ஒரு அழகான இடம். பின்னதில் அது ஒரு மனநிலை. முன்னதில் படகு ஓடுகிறது, பின்னதில் படகு வழுக்குகிறது. அந்தப் படத்தில் வேர்கள் முன்னால் வந்து நிற்கின்றன, மனிதர்கள் அவற்றுக்குப் பின்னால் ஒளிகிறார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் கேமரா காட்டைப் பார்க்கும் முறை எப்படி மாறியிருக்கிறது என்பதை ஒரு வகுப்பறையில் ஒரு வாரம் சொல்லலாம். இங்கே இரண்டு துண்டுகளை அடுத்தடுத்துப் போட்டதும் ஒரு பெண் சொல்லிவிட்டாள்: “மொத படத்துல காட்ட சுத்திப் பாக்குறாங்க, இதுல காடு அவங்களப் பாக்குது.” நான் எழுத்துத் தொழிலில் இருப்பவன். அந்த வாக்கியத்தை அவளுக்கு முன்னால் நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஒலிபெருக்கி முழுநேரமும் காட்டுக்கு முதுகைத் திருப்பி, வீட்டுச் சுவரைப் பார்த்தபடி அடக்கமாகவே பேசியது. பறவைகள் தூங்கட்டும் என்றாள் அக்கா. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டமும்கூட. அதற்கு முன்பே முடியும்படி மாலை மங்கும்போதே தொடங்கியிருந்தாள். கடைசித் துண்டை ஒலி அநேகமாக இல்லாமலே பார்த்தோம்.

1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரை வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். சினிமா நம் ஊர்களுக்கு வந்தது இப்படித்தான்: அது நம்மைத் தேடி வந்தது, நம் மணலில் உட்கார்ந்தது. உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு படம் எடுத்திருப்பார்கள். பொள்ளாச்சிக்குத் ‘தேவர் மகன்’ இருக்கிறது. ஊட்டி மலைரயில் பாதையிலுள்ள கேத்தி நிலையத்துக்கு ‘மூன்றாம் பிறை’யின் முடிவுக் காட்சி இருக்கிறது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர்களுக்கோ எதை எடுப்பது எதை விடுவது என்பதே கவலையாக இருக்கும். இந்தக் கோடையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் கூட்டாளிகளுக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள். முன்னதாக ஒருமுறை நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். மணல் கிடைக்காவிட்டால் பாய் போதும்; டார்ச்சை மட்டும் கூட்டத்திலேயே கூச்சம் மிகுந்த பிள்ளையிடம் கொடுங்கள்.